மலைத்தோட்டத்தில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்

பழனி மலையின் கீழ்மலைப் பகுதியான தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரங்களில் காப்பி, மிளகு, மலைவாழை ஆகியவை பயிராகின்றன. மேல்மலைப் பகுதியான பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வட்டாரங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் ஆகியவை முக்கியப் பயிர்கள். இத்தோட்டங்கள் பெரும்பாலும் டிராக்டர் ஏற முடியாத சரிவுகளில் உள்ளன. ஆகவே முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பான், தோளில் மாட்டும் களைவெட்டும் கருவி, நிழல்மரக் கிளைகளைக் கழிக்க உதவும் சங்கிலி வாள் ஆகியவையே மலை விவசாயிக்குக் கைகொடுக்கின்றன. இவற்றில் பலவற்றை இயக்குவது டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு எஞ்சின்.

காப்பியில் இலைத்துரு நோயைத் தடுக்க, மழை பிடிக்கும் முன்பே போர்டோக் கலவை தெளித்து முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், அதைப் பழுது பார்க்க வத்தலகுண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ இறக்கிக் கொண்டு போக வேண்டியிருக்கும். மழை அதுவரை காத்திராது. எஞ்சின் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

முக்கிய பாகங்கள்

சிலிண்டர் என்பது எஞ்சினின் உருளை வடிவ அறை. அதன் வெளிப்புறத்தில் உள்ள தகடு போன்ற விளிம்புகள் வெப்பத்தைக் காற்றில் கலக்கச் செய்கின்றன. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் வாயு கசியாமல் தடுக்கின்றன. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தை, இணைப்புத் தண்டும் கிராங்க் தண்டும் சேர்ந்து சுழற்சியாக மாற்றுகின்றன. கிராங்க் தண்டு இருக்கும் காற்றுப் புகாத பெட்டிக்குக் கிராங்க் பெட்டி என்று பெயர்.

கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருகிறது. காற்று வடிகட்டி தூசியைத் தடுக்கிறது. மேக்னெட்டோ மின்சாரத்தை உண்டாக்க, ஸ்பார்க் பிளக் தீப்பொறியைத் தருகிறது. எரிந்த புகை சைலன்சர் வழியாக வெளியேறுகிறது.

எஞ்சின் இயங்கும் விதம்

நான்கு வீச்சு எஞ்சினில் உள்ளது போன்ற வால்வுகள் இதில் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள மூன்று வகைத் துளைவாய்களைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் 1891-ல் காப்புரிமை பெற்ற, கிராங்க் பெட்டியையே காற்றழுத்தும் பெட்டியாகப் பயன்படுத்தும் முறையைத்தான் இன்றும் இந்தச் சிறு எஞ்சின்கள் பின்பற்றுகின்றன.

முதல் வீச்சு: பிஸ்டன் மேலே ஏறுகிறது. அதன் மேற்புறம் உள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தப்படுகிறது. அதே நேரத்தில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் பெட்டியில் வெற்றிடம் போன்ற நிலை ஏற்பட்டு, கொல்லன் துருத்தி காற்றை இழுப்பதுபோல், கார்புரேட்டரிலிருந்து புதுக்கலவை உள்ளே இழுக்கப்படுகிறது.

இரண்டாம் வீச்சு: பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது பிளக்கில் தீப்பொறி உண்டாகிக் கலவை எரிகிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. இறங்கும் வழியில் முதலில் புகைத் துளை திறந்து புகை வெளியேறுகிறது. அடுத்து மாற்றுத் துளை திறக்கிறது. கிராங்க் பெட்டியில் அழுந்தியிருந்த புதுக்கலவை அதன் வழியே மேலேறிச் சிலிண்டரை நிரப்புகிறது.

இவ்வாறு கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை கலவை எரிகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் விசைத்தெளிப்பானில் நொடிக்கு 100 முறை எரிதல் நடைபெறுகிறது. சிறிய எஞ்சின் இவ்வளவு வலுவாக இழுப்பதற்கும், விரைவில் சூடேறுவதற்கும் இதுவே காரணம்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

மேலே கூறியதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். புதுக்கலவை கிராங்க் பெட்டி வழியாகச் செல்வதால், அங்கே தனியாக எண்ணெய் ஊற்றி வைக்க முடியாது. பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வேண்டிய எண்ணெய், பெட்ரோலில் கலந்தே வர வேண்டும். ஆகவே பெட்ரோல் வரத்து குறைந்தால் எண்ணெய் வரத்தும் குறையும். இனி வரும் பராமரிப்பு முறைகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

முதலில் உங்கள் எஞ்சின் எந்த வகை என்று பாருங்கள். எண்ணெய் ஊற்றத் தனி மூடியும் அளவுக்குச்சியும் இருந்தால் அது நான்கு வீச்சு எஞ்சின். அதில் கலந்த பெட்ரோலை ஊற்றக் கூடாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு, அதற்கென்றே விற்கப்படும் 2டி எண்ணெயைக் கையேட்டில் கூறியுள்ள அளவில் கலக்க வேண்டும்.

50-க்கு 1 என்றிருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. எண்ணெய்.
40-க்கு 1 என்றிருந்தால், 25 மி.லி.
25-க்கு 1 என்றிருந்தால், 40 மி.லி.

பாட்டில் மூடியால் உத்தேசமாக ஊற்றாமல், அளவுக்குப்பியால் அளந்து ஊற்றுங்கள். எஞ்சின் தொட்டியிலேயே கலக்காமல், பெட்ரோலுக்கென உள்ள தனி டப்பாவில் கலந்து நன்றாகக் குலுக்க வேண்டும். கூடுதல் எண்ணெய் கூடுதல் பாதுகாப்பு என்று சிலர் கருதுகின்றனர். இது தவறு. அதிக எண்ணெயால் பிளக் நனைந்து, சைலன்சரில் கரி அடைத்து, எஞ்சின் இழுவை குறையும்.

மலை உயரமும் கார்புரேட்டரும்

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். எனவே சமவெளியில் நன்றாக இழுத்த எஞ்சின், மேல்மலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். காற்று குறையும் அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. ஆதலால் பெட்ரோல் மிகுந்த கலவை உண்டாகி, எஞ்சின் திணறும்; கறுத்த புகை வரும்; பிளக் கறுத்து நனைந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய மெக்கானிக் கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைப்பதுண்டு. அது மலைக்குப் பொருந்தும். ஆனால் அதே கருவியை அடிவாரத் தென்னந்தோப்புக்கோ மாந்தோப்புக்கோ இறக்கிக் கொண்டு போய் ஓட்டினால் நிலைமை தலைகீழாகும். அடர்ந்த காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதாது. எஞ்சின் வழக்கத்தைவிட நன்றாக ஓடுவதுபோல் சிறிது நேரம் தோன்றும். பிறகு பிஸ்டன் கொதித்து, எண்ணெயும் போதாமல், சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். எனவே கருவியை மலையிலிருந்து இறக்கினால், கார்புரேட்டரை மறுபடி சரிசெய்த பின்னரே ஓட்ட வேண்டும்.

எந்த இடத்திலும், எஞ்சின் தானாகவே கீச்சிட்டு வேகம் எடுத்தால் உடனே நிறுத்துங்கள். பெட்ரோல் தீர்வதாலோ, பேக்கிங் கிழிந்து காற்று கசிவதாலோ அவ்வாறு நேரலாம்.

மலைச்சாலையில் மொபெட்

ஓசூரில் 1980-ல் வெளிவந்த டி.வி.எஸ். 50 முதலான டூ-ஸ்ட்ரோக் மொபெட்டுகள் நம் மலைக்கிராமங்களில் பல ஆண்டுகள் சுமை இழுத்தன. இப்போது விற்பனையாகும் புதிய மொபெட்டுகள் நான்கு வீச்சு வகை. பழைய வண்டி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வத்தலகுண்டுச் சாலையிலோ பழனிச் சாலையிலோ நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடிக்கொண்டு இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும்; ஆனால் பெட்ரோல் வராது. பெட்ரோல் வராவிட்டால் எண்ணெயும் வராது. இறங்கும்போது அவ்வப்போது ஆக்ஸிலேட்டரைச் சிறிது திறந்து மூட வேண்டும்.

ஈரமும் இன்றைய பெட்ரோலும்

இன்று விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. மேகமும் சாரலும் நிறைந்த மலையில், மூடி சரியாக மூடாத டப்பாவில் நாட்பட்ட பெட்ரோலில் நீர் சேரும். நீர் அளவுக்கு மீறினால், அது எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எண்ணெயோ மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். எஞ்சினுக்குப் போவது தொட்டியின் அடியில் உள்ளதுதான். அதாவது எண்ணெயில்லாத திரவம்!

ஆகவே ஓரிரு வாரத்துக்குத் தேவையான அளவே கலந்து, இறுக மூடி வையுங்கள். சந்தேகம் இருந்தால் கண்ணாடிக் குப்பியில் சிறிது ஊற்றிப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. பருவம் முடிந்ததும் தொட்டியை வடித்து, எஞ்சினை மெதுவான வேகத்தில் தானாக நிற்கும்வரை ஓட்டி, கார்புரேட்டரைக் காலியாக்கி வைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. காற்று வடிகட்டியைத் தினமும் பார்த்துத் தூசி நீக்க வேண்டும். வடிகட்டி இல்லாமல் ஓட்டக் கூடாது.

2. பிளக்கை அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

3. சிலிண்டர் விளிம்புகளில் ஒட்டிய மண், புல், மருந்துப் படிவு ஆகியவற்றைத் துடைக்க வேண்டும்.

4. கிளப்பியவுடன் முழு வேகம் கொடுக்கக் கூடாது. குளிர்ந்த காலைகளில் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓட்டிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

5. பெட்ரோல் ஊற்றும்போது கருவியை முதுகிலிருந்து இறக்கி, எஞ்சின் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். அருகில் பீடி, சிகரெட் கூடாது. சூடான சைலன்சரைக் காய்ந்த புல்மீது வைக்கக் கூடாது. கோடையில் ஒரு பொறியே தோட்டத்தையும் அடுத்துள்ள காட்டையும் எரித்துவிடும்.

எஞ்சின் பிடித்துக்கொண்டால் பிஸ்டன், வளையங்கள், சில சமயம் சிலிண்டரையே மாற்ற வேண்டியிருக்கும். 20 மி.லி. எண்ணெயை அளந்து ஊற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. மலைவாழ் விவசாயப் பெருமக்கள் மேற்கூறிய முறைகளைக் கடைப்பிடித்து, தங்கள் கருவிகளைப் பருவத்துக்குத் தயாராக வைத்திருந்து பயன் பெறலாம்.