எதன் மேல் 20 சதவீதம்? மாற்றத்தை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2018 ஜனவரி 20 அன்று தமிழ்நாடு முழுக்க பஸ் கட்டணம் ஏறியது. சென்னை மந்தைவெளி பஸ் நிலையத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்தில் ஏறினால் அதுவரை குறைந்தபட்ச டிக்கெட் 3 ரூபாய். அன்று முதல் 5 ரூபாய். மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அரசு அதை 4 ரூபாயாகக் குறைத்தது. சதவீதம் பழகுவதற்கு இந்த மூன்று எண்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

படி 1: பழைய விலையைக் கண்டுபிடியுங்கள்

மாற்றத்தை எப்போதும் பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். புதிய விலையிலிருந்து பழையதைக் கழித்து, பழையதால் வகுத்து, 100 ஆல் பெருக்குங்கள். 3 ரூபாய் 5 ஆனபோது வித்தியாசம் 2. அதை 3 ஆல் வகுத்தால், உயர்வு 66.7 சதவீதம்.

படி 2: இறக்கத்துக்குப் பழைய விலை வேறு

5 ரூபாய் 4 ஆனபோது வித்தியாசம் 1. இப்போது பழைய விலை 5. ஆகவே குறைப்பு 20 சதவீதம். இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். 66.7 லிருந்து 20 ஐக் கழித்து, பாக்கி உயர்வு 46.7 என்கிறார்கள். ஆனால் 3 ரூபாய் 4 ஆனதற்கு உயர்வு 33.3 சதவீதம்தான். இரண்டு சதவீதங்களும் வெவ்வேறு விலையின் மேல் நிற்பவை. அவற்றைக் கூட்டவும் கூடாது, கழிக்கவும் கூடாது.

இந்தக் குறைப்பையே இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: ஏற்றிய 2 ரூபாயில் 1 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதாவது ஏற்றியதில் பாதி. 20 என்றாலும் உண்மை, 50 என்றாலும் உண்மை. எதன் மேல் என்று கேட்காமல் இரண்டில் எதையும் ஏற்காதீர்கள்.

படி 3: அடுத்தடுத்து வந்தால் பெருக்குங்கள்

66.7 சதவீத உயர்வு என்றால் 1.667 மடங்கு. 20 சதவீதக் குறைப்பு என்றால் 0.8 மடங்கு. பெருக்கினால் 1.333 வருகிறது, கணக்கு நேராகிறது.

தி.நகர் ஆடித் தள்ளுபடியில் 50 சதவீதமும் அதற்கு மேல் 20 சதவீதமும் என்று போட்டிருந்தால் மொத்தம் 70 அல்ல. 0.5 ஐ 0.8 ஆல் பெருக்கினால் 0.4. தள்ளுபடி 60 சதவீதம்.

வாடகையில் இது எதிர்த்திசையில் கடிக்கும். 15,000 ரூபாய் வீட்டுக்கு, நடப்பு வாடகையின் மேல் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால், மூன்று உயர்வுக்குப் பின் 19,500 அல்ல, 19,965. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன், 10 சதவீதம் முதல் வாடகையின் மேலா, நடப்பு வாடகையின் மேலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 4: பின்னோக்கிப் போக வகுக்க வேண்டும்

2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால், மாதாந்திர பால் கார்டு இல்லாதவர்களுக்கு லிட்டர் 48 லிருந்து 60 ரூபாய் ஆனது. உயர்வு 25 சதவீதம். 60 மட்டும் தெரிந்து பழைய விலை வேண்டுமென்றால், 60 இல் 25 சதவீதத்தைக் கழிக்காதீர்கள். 45 என்று தப்பாக வரும். 60 ஐ 1.25 ஆல் வகுத்தால் 48.

படி 5: சதவீதமும் சதவீதப் புள்ளியும்

2022 மே மாதத்துக்கு முன் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது தரும் கடனின் வட்டி) 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. உயர்வு 2.5 சதவீதப் புள்ளி. ஆனால் விகிதமே 62.5 சதவீதம் ஏறியிருக்கிறது. ரெப்போவோடு இணைந்த வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு முதல் எண்தான் உறைக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் தலைக்கு வைக்கும் எண்ணெய், ஷாம்பூ, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 லிருந்து 5 ஆனது. 13 புள்ளி குறைந்தது. ஆனால் வரியோடு 118 ரூபாய்க்கு விற்றது 105 ஆக வேண்டும். விலையில் குறைவது 11 சதவீதம். கடைக்காரர் 11 சதவீதம் குறைத்திருந்தால் அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

படி 6: பூஜ்ஜியத்தின் மேல் சதவீதம் இல்லை

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 4 ரூபாய் பூஜ்ஜியமானது 100 சதவீதக் குறைப்பு. பூஜ்ஜியத்திலிருந்து ஏறும் எதற்கும் சதவீதம் கிடையாது, ஏனென்றால் பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது. அங்கே ரூபாயில்தான் சொல்ல வேண்டும்.

படி 7: சம்பளத்தையும் விலைவாசியையும் சேர்த்துப் பாருங்கள்

பணவீக்கம் 6 லிருந்து 4 ஆகக் குறைந்தால் விலை குறையாது. ஏறும் வேகம்தான் குறையும். முதல் ஆண்டில் 106 ஆன 100 ரூபாய்ச் சாமான் அடுத்த ஆண்டு 110 ரூபாய் 24 காசு. விலைவாசி 6 சதவீதம் ஏறிய ஆண்டில் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு 5 சதவீதம் கூட்டிக் கொடுத்தால், 1.05 ஐ 1.06 ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.99. அவர் சம்பளத்தின் வாங்கும் சக்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறைந்திருக்கிறது.