கல்லின் பிறப்பிடம்

நுழையும்முன்

ஒரே தோற்றமும் ஒரே கனிமமும் கொண்ட இரு கற்கள் வெவ்வேறு உலகங்களில் பிறந்தவையாக இருக்கக்கூடும். பிறழ்ந்த பெயரோடு ஒன்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் இருந்த விண்கல் ஒன்றின் வரலாற்றைக் கூறுகிறது இப்பாடம்.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், அண்டார்க்டிகாவின் ஆலன் குன்றுகள் பகுதியில் விண்கற்களைத் தேடிச் சென்ற அமெரிக்கக் குழுவினர் ஏறத்தாழ 1.9 கிலோகிராம் எடையுள்ள கல்லொன்றைக் கண்டெடுத்தனர். விண்கல்லின் கரிய மேலோடு வெண்பனியில் எளிதில் கண்ணில்படும். அவ்வுறைநிலத்தை ஆய்வாளர்கள் நாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அக்கல்லுக்கு ஏஎல்எச் 84001 என்று எண்ணிட்டனர்.

மெல்லிய சீவலாக்கி நோக்கியபோது, அக்கல் பெரும்பாலும் ஆர்த்தோபைராக்சீன் என்னும் கனிமத்தால் ஆகியிருந்தது. டையோஜெனைட் என்னும் விண்கல் வகையின் இயல்பும் அதுவே. அவ்வகைக் கற்கள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் வெஸ்டா என்னும் சிறுகோளிலிருந்து உடைந்து வந்தவை என்பர். புதிய கல்லையும் அவ்வரிசையிலேயே சேர்த்தனர். கவனக்குறைவு என்று இதனைக் கூறிவிட இயலாது; அன்று கண்ட சான்றுகளுக்கு அப்பெயர் பொருந்தவே செய்தது.

டேவிட் மிட்டில்ஃபெல்ட் என்னும் அறிஞர் டையோஜெனைட்டுகளை ஆராய்ந்துவந்தார். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிக் கனிமத் துகள்களின் வேதியியலை அளந்தபோது, இக்கல் மட்டும் இனத்தோடு ஒட்டாமல் நின்றது. டையோஜெனைட்டுகளில் ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு கந்தக அணு கொண்ட டிராய்லைட் காணப்படும். இதிலோ இரு கந்தக அணுக்கள் கொண்ட பைரைட் இருந்தது. மேலும், இதன் குரோமைட் துகள்களில் மூவிணைதிற இரும்பு காணப்பட்டது. வெஸ்டாவின் பாறைகள் ஆக்சிஜன் வறண்ட சூழலில் உருவானவை. அங்கு அத்தகைய இரும்புக்கு இடமில்லை.

ஐயத்தைத் தீர்த்தது ஆக்சிஜன். அதற்கு 16, 17, 18 என்னும் நிறை எண்களையுடைய மூன்று நிலையான ஐசோடோப்புகள் உண்டு. பாறை உருகி உறையும்போது இவற்றின் விகிதம் சற்றே மாறும். ஆனால், 17இன் மாற்றம் 18இன் மாற்றத்தில் ஏறத்தாழப் பாதியாகவே அமையும். 16உடன் ஒப்பிட 17க்கு ஒரு நியூட்ரானும் 18க்கு இரு நியூட்ரான்களும் கூடுதல் என்பதே காரணம். ஆகவே, புவியின் பாறைகளை வரைபடத்தில் குறித்தால் அவை ஒரே சாய்கோட்டில் அமைகின்றன. செவ்வாய்க்கற்கள் அதற்குச் சற்று மேலேயும் வெஸ்டாவின் கற்கள் சற்றுக் கீழேயும் தத்தமக்குரிய கோடுகளில் அமைகின்றன. நம் கல் செவ்வாயின் கோட்டில் அமைந்தது. 1993இல் அதன் பெயர் திருத்தப்பட்டது.

செவ்வாயின் கோடு அதுதான் என்பதை எவ்வாறு அறிவது? அண்டார்க்டிகாவில் முன்னரே கிடைத்த வேறொரு விண்கல்லின் கண்ணாடிப் பகுதியில் சிறைப்பட்டிருந்த வளிமங்கள், 1976இல் வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் அளந்த வளிமண்டலத்தோடு ஒத்திருந்தன. அக்கல்லே உரைகல்லாயிற்று.

ஏஎல்எச் 84001இல் பண்டைய நுண்ணுயிரிகளின் தடயம் இருக்கலாம் என 1996இல் ஓர் ஆய்வுக்குழு அறிவிக்க, உலகமே அதனை உற்றுநோக்கியது. அறிவியலாளர் பலர் அக்கூற்றை இன்றுவரை ஏற்கவில்லை. ஆயினும், பழைய பெயரிலேயே அக்கல் இருந்திருப்பின் அதனுள் உயிரைத் தேட எவரும் முனைந்திருக்கமாட்டார்.