இஃப் போட்டால் போதுமா?

வலைப்பக்க டெம்ப்ளேட்டில் ஒரு மதிப்பு காலியா என்று பார்க்க ஓர் இஃப் போட்டால் போதும் என்ற நம்பிக்கை, எத்தனை முறை மறுத்தாலும் ஓய்வதில்லை. இஃப் பார்ப்பது மதிப்பு மெய்யா பொய்யா என்பதை. ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தில், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நன், வெற்றுச் சரம், வெற்றுப் பட்டியல் ஆகியவற்றோடு பூஜ்ஜியமும் பொய்க் கணக்கில்தான் வரும்.

தேர்வு முடிவுப் பக்கம் ஒன்றில் ‘மதிப்பெண் இருந்தால் காட்டு, இல்லையேல் தேர்வு எழுதவில்லை என்று போடு’ என எழுதினால் என்ன ஆகும்? எழுதிப் பூஜ்ஜியம் வாங்கிய மாணவர், தேர்வுக்கே வராதவர் ஆகிவிடுவார். மதிப்பு பொய்யானால் மாற்று மதிப்பைத் தரும் டிஃபால்ட் ஃபில்டரைப் போட்டாலும் இதே கதைதான். அதுவும் பூஜ்ஜியத்தை விழுங்கிவிடும். நன்னை மட்டும் பிடிப்பதற்கென்றே டிஃபால்ட்-இஃப்-நன் என்ற ஃபில்டர் ஜாங்கோவிலேயே இருக்கிறது. ஆவணத்தில் டிஃபால்ட்டுக்கு அடுத்த பதிவே அதுதான். அதுவரை படிக்கத்தான் ஆளில்லை. இன்னொரு பக்கம், வெறும் இடைவெளிகள் மட்டுமே உள்ள சரம் இதே இஃப்பில் ஜம்மென்று தேறிவிடும். பெயர் வரவேண்டிய இடம் வெள்ளையாகக் கிடக்கும்.

ஒரு டெம்ப்ளேட் மொழி தெரிந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி என்பதும் தவறு. லிக்விடில் நில்லும் ஃபால்ஸும் மட்டுமே பொய். வெற்றுச் சரம்கூட மெய்தான். ஜேஎஸ்பியின் எம்ப்டி பூஜ்ஜியத்தைக் காலி என்று சொல்லாது. பிஎச்பியின் எம்ப்டி சொல்லும், பூஜ்ஜியம் சரமாக வந்தாலும் சொல்லும். ஜின்ஜாவின் டிஃபால்ட்டுக்கு ஜாங்கோவில் உள்ள அதே பெயர், ஆனால் கூடுதலாக எதுவும் சொல்லாவிட்டால் மாறி வரையறுக்கப்படாதபோது மட்டுமே வேலை செய்யும். நன் வந்தால் ‘நன்’ என்ற ஆங்கிலச் சொல்லே பயனர் கண்முன் அச்சாகும்.

மாறியே வரையறுக்கப்படாவிட்டால் பக்கமே உடைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. ஜாங்கோ சத்தமில்லாமல் வெற்றிடம் விட்டுப் போய்விடும். ஜின்ஜாவிலும் அத்தகைய மாறியை வெறுமனே அச்சிட்டால், ஸ்ட்ரிக்ட்-அன்டிஃபைன்ட் அமைப்பைப் போட்டிருந்தால்தான் பிழை எழும்.

இந்தத் தொல்லையில் பாதி, தரவுத்தளத்தில் கண்ட நெடுவரிசைக்கெல்லாம் நல் என்ற மதிப்பின்மைக் குறியை அனுமதிப்பதால் வருவது. எழுத்து நெடுவரிசையில் நல்லும் வெற்றுச் சரமும் இரண்டுமே ‘தகவல் இல்லை’ என்றால், டெம்ப்ளேட்தோறும் இரண்டையும் சோதிக்க வேண்டியிருக்கும். எழுத்துப் புலங்களில் நல்லைத் தவிர்க்கும்படி ஜாங்கோ ஆவணமே சொல்கிறது. காலியாக விடலாம், ஆனால் மதிப்பு தனித்ததாக இருக்க வேண்டும் என்ற புலம் மட்டும் விலக்கு. அங்கே இரண்டாவது வெற்றுச் சரம் மோதிவிடும். மதிப்பெண் போன்ற எண் நெடுவரிசைக்கோ நல் தேவை. எழுதாதவரையும் பூஜ்ஜியம் வாங்கியவரையும் பிரிப்பது அதுதான்.