பாத்திரம் வியர்க்கும் அந்த ஒரு நிமிஷம்

பாடத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி கேஸ் அடுப்பில் வைங்க. பாத்திரத்தோட வெளிப்பக்கத்தை மட்டும் கவனிங்க. சில நொடிகளிலேயே அது மங்கலாகி, முத்து முத்தா வியர்க்கும். சில நேரம் ஒரு சொட்டு கீழே விழுந்து 'சுர்'ருன்னு சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா அந்த ஈரம் தானாகவே காய்ஞ்சு போயிருக்கும்.

பாத்திரத்தில் ஓட்டை இல்லை. அந்தத் தண்ணீர் உள்ளேயிருந்து வரலை, நெருப்பிலிருந்து வந்தது. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா கன்டென்சிங் பாய்லர் முழுசாப் புரிஞ்சிடும்.

இதை நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிற எங்க பெரியம்மா பொண்ணு. போன குளிர்காலத்தில் விக்கிரவாண்டிக்கு வீடியோ கால் போட்டு, "டேய் தம்பி, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? பழைய பாய்லரை எடுத்துட்டுப் புதுசு போட்டோம். தொண்ணூறு பர்சென்டுக்கு மேல எஃபிஷியன்சின்னு சொன்னாங்க. பில் ஏதோ கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. ஏமாந்துட்டோமாடா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு எனக்குப் பதில் தெரியலை. இப்போ தெரியும். அதுதான் இந்தக் கட்டுரை.

வீட்டைச் சூடாக்கும் பாய்லர்

நம்ம ஊர்ப் பழைய வீடுகளில் செம்பு வெந்நீர் பாய்லர் பார்த்திருப்பீங்க. நடுவில் ஒரு குழாய், அதில் விறகோ கரியோ எரியும். சுற்றிலும் தண்ணீர், பக்கத்தில் ஒரு பைப். அது குளிக்க மட்டும்தான். குளிர் நாடுகளில் பாய்லரோட முக்கிய வேலை வீட்டையே சூடாக்குவது. கேஸ் எரிந்து தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அந்தத் தண்ணீரை ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் இருக்கும் ரேடியேட்டருக்கு அனுப்பும். அறைக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் ஆறிய தண்ணீர் பாய்லருக்கே திரும்பி வரும். இந்தத் திரும்பி வரும் தண்ணீரை மனசில் வைச்சுக்கோங்க. கதையின் ஹீரோ அதுதான்.

புகையில் ஒளிந்திருக்கும் வெப்பம்

லண்டனில் குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் சுமார் 2.25 கிலோ தண்ணீர் உருவாகும். ஒரு மூலக்கூறு மீத்தேன் இரண்டு மூலக்கூறு தண்ணீரைத் தருகிறது, அதாவது 16 கிராமுக்கு 36 கிராம். ஆனால் அது நீராவியாகத்தான் வெளியே போகும். நீராவி ஒவ்வொரு கிலோவும் சுமார் 2.44 மெகா ஜூல் உள்ளுறை வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. 2.25-ஐ 2.44-ஆல் பெருக்கினால் 5.5 மெகா ஜூல்.

தெர்மல் பாடத்தில் எச்.எச்.வி, எல்.எச்.வின்னு இரண்டு கலோரி மதிப்பு படிச்சோமே, அது இதுதான். மீத்தேனுக்கு எச்.எச்.வி சுமார் 55.5, எல்.எச்.வி சுமார் 50. வித்தியாசம் அதே 5.5. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருப்பது நம்ம பாத்திரம் வியர்த்த தண்ணீர்!

சில ஐரோப்பிய பாய்லர்களில் 107 சதவீத எஃபிஷியன்சின்னு போட்டிருப்பாங்க. தெர்மோடைனமிக்ஸ் உடையலை. எல்.எச்.வி-யை 100-ஆக வைத்துக்கொண்டு, நீராவியின் வெப்பத்தையும் பிடித்தால் 111 வரை இடம் இருக்கு. அதே பாய்லர் எச்.எச்.வி கணக்கில் சுமார் 96தான். எஃபிஷியன்சி எண்ணைப் பார்த்தால் முதல் கேள்வி, 'எதை வைத்து வகுத்தாங்க?' என்பதா இருக்கட்டும்.

பழைய பாய்லர், புதிய பாய்லர்

பழைய பாய்லர் புகையைச் சூடாகவே வெளியே விட்டது. அதற்குக் காரணம் இருந்தது. புகையில் இருக்கும் நீராவி உள்ளேயே குளிர்ந்தால், அந்தத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரைந்து அமிலமாகும். வார்ப்பிரும்பு அரிச்சிடும். அதோட, சூடான புகைதான் தானாக மேலே ஏறும்.

கன்டென்சிங் பாய்லர் வேணும்னே புகையைக் குளிர வைக்கிறது. அதனால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ அலுமினியக் கலவையிலோ இருக்கும். ஆறிய புகை தானாக ஏறாது, எனவே ஒரு ஃபேன் வேணும். அமிலத் தண்ணீரை வெளியேற்ற ஒரு பிளாஸ்டிக் குழாயும் வேணும். புகை அவ்வளவு ஆறியிருப்பதால் புகைக் குழாயைக்கூட பிளாஸ்டிக்கில் செய்ய முடியும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து, கேஸ் பாய்லர் மாற்றினால் பெரும்பாலும் கன்டென்சிங் வகைதான் போடணும்னு விதி வந்தது. அக்காவுக்கு வேற சாய்ஸ் இருந்திருக்காது.

பில் ஏன் எதிர்பார்த்த அளவு குறையலை?

மறுபடியும் நம்ம பாத்திரம். முதல் நிமிஷம் வியர்த்தது, அப்புறம் நின்றுவிட்டது. ஏன்? தண்ணீர் சூடானதும் பாத்திரத்தின் சுவரும் சூடாகி, புகையின் பனிநிலையைத் தாண்டிவிட்டது. அதுக்கு மேல நீராவி அங்கே தண்ணீராக மாறாது.

வழக்கமான அளவு கூடுதல் காற்றோடு மீத்தேன் எரியும்போது, புகையில் நீராவியின் பங்கு சுமார் 16 சதவீதம். அதற்கான பனிநிலை சுமார் 55 டிகிரி செல்சியஸ். ஸ்டீம் டேபிளை எடுத்து 16 கிலோ பாஸ்கலுக்கு நேரே பார்த்தால் நீங்களே சரிபார்க்கலாம். அதாவது, ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கன்டென்சிங் பாய்லர் கன்டென்ஸ் செய்யும். 54-இல் கொஞ்சம், 45-இல் நல்லா, 30-இல் பெரும்பகுதி.

அங்கே பழைய வீட்டு ரேடியேட்டர்கள் சுமார் 82 டிகிரி போய் 71 டிகிரி திரும்பும்படி வடிவமைக்கப்பட்டவை. புது பாய்லரை மாட்டி, அதே சூட்டில் செட்டிங்கை விட்டால் என்ன ஆகும்? 71 டிகிரி தண்ணீர் திரும்பி வருது. ஒரு சொட்டுகூட கன்டென்ஸ் ஆகாது. பெயர்தான் கன்டென்சிங் பாய்லர்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 12,000 யூனிட் வெப்பம் வேணும்னு வைச்சுக்கலாம். எல்லாம் எச்.எச்.வி கணக்கு:

70 சதவீதப் பழைய பாய்லர்: 17,140 யூனிட் கேஸ்
புதியது, ஆனால் கன்டென்ஸ் ஆகாமல், 86 சதவீதம்: 13,950 யூனிட்
அதே புதியது, குறைந்த சூட்டில், 92 சதவீதம்: 13,040 யூனிட்

முதல் சேமிப்புக்குப் பெரிய செலவு ஆகுது. கடைசி 900 யூனிட்டுக்கு ஒரு பைசா செலவில்லை, ஒரு குமிழைத் திருப்பணும், அவ்வளவுதான்.

'சூட்டைக் குறைச்சா வீடு குளிராதா?'

அக்கா கேட்டது இதே கேள்விதான், நியாயமான கேள்வி. ரேடியேட்டர் கொடுக்கும் வெப்பம், அதற்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தின் அடுக்கு 1.3-ஐப் பொறுத்தது. 82/71-இல் சராசரி 76.5. அறை 20 என்றால் வித்தியாசம் 56.5. 55/45-இல் சராசரி 50, வித்தியாசம் 30. விகிதம் போட்டால் பழைய வெப்பத்தில் சுமார் 44 சதவீதம்தான் கிடைக்கும்.

பாதிக்கும் கீழேன்னு பயப்பட வேண்டாம். ரேடியேட்டர் அளவு அந்த ஊரின் மிகக் குளிரான நாளுக்காகப் போட்டது. குளிர்காலத்தின் பெரும்பாலான நாட்களுக்கு அவ்வளவு தேவையில்லை. வீடு மெதுவாகச் சூடாகும், கொஞ்சம் முன்னாடியே ஆன் செய்யணும். ரொம்பக் குளிரும் சில நாட்களில் மட்டும் சூட்டை ஏற்றிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 2022 ஜூனிலிருந்து, ரேடியேட்டரோடு சேர்த்து முழு சிஸ்டத்தையும் புதிதாகப் போடும்போது 55 டிகிரி அல்லது அதற்குக் கீழே ஓடும்படி வடிவமைக்கணும்னு விதியே வந்துவிட்டது. ஆக, பாய்லரை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடிந்தது.

அக்காவுக்கு நான் சொன்னது

ஒண்ணு, ரேடியேட்டர் சூட்டுக்கான குமிழை மட்டும் 60-க்கு இறக்குங்க. ஒரு வாரம் பார்த்துட்டு 55. இரண்டு, வெந்நீர்த் தொட்டி இருந்தால் அதை 60 டிகிரியிலேயே விடுங்க, குறைச்சா லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். மூன்று, பாய்லர் மூடியை நீங்களே திறக்கவே கூடாது, அது கேஸ் சேஃப் பதிவு உள்ளவங்க வேலை. நாலு, வெளியே போகும் கன்டென்சேட் குழாயைக் கவனிங்க.

அந்த நாலாவதுதான் எனக்குப் பிடிச்சது, ஏன்னா அந்தக் குழாய் ஒரு மீட்டர் மாதிரி. அதில் ஒரு லிட்டர் தண்ணீர் வந்தால், காற்றில் போயிருக்க வேண்டிய சுமார் 0.68 யூனிட் வெப்பம் வீட்டுக்குள்ளே வந்துவிட்டதுன்னு அர்த்தம். சொட்டவே இல்லைன்னா பனிநிலைக்கு மேலேயே ஓடுது. இரண்டு வாரம் கழிச்சு அக்கா ஒரு வீடியோ அனுப்பினாங்க. வேற எதுவும் இல்லை, குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "வீடு சூடாக நேரமாகுதுடா, ஆனா சரியாத்தான் இருக்கு"ன்னு கீழே எழுதியிருந்தாங்க.

முண்டியம்பாக்கத்துப் புகை

'நமக்கெதுக்கு இது, இங்கே வீட்டைக் குளிர வைக்கத்தானே பாடுபடுறோம்'னு தோணலாம். விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை இருக்கு. கரும்புச் சக்கைதான் அதன் பாய்லருக்கு எரிபொருள். ஆலையிலிருந்து வரும் சக்கையில் பாதி எடை தண்ணீர். அதனால் அதன் எச்.எச்.வி கிலோவுக்குச் சுமார் 2,250 கிலோ கலோரி என்றால், எல்.எச்.வி சுமார் 1,800தான். ஐந்தில் ஒரு பங்கு நீராவியாகவே போகுது. மீத்தேனைவிட இரண்டு மடங்கு நஷ்டம்!

அப்போ அங்கேயும் கன்டென்ஸ் செய்யலாமே? பாய்லருக்குள் போகும் தண்ணீரே 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் குளிர்ந்த ஆள் வேணும். ஆள் இல்லாத இடத்தில் கன்டென்ஸ் செய்ய முடியாது. லண்டன் வீட்டுக்கும் முண்டியம்பாக்கம் ஆலைக்கும் விதி ஒண்ணுதான்: வெப்பம் இருப்பது மட்டும் போதாது, அதை வாங்கக் குளிர்ந்த பொருள் இருக்கணும்.

அடுத்த தடவை பால் காய்ச்சும்போது அந்த முதல் நிமிஷத்தைத் தவறவிடாதீங்க. அந்த ஒரு நிமிஷம் உங்க அடுப்பும் ஒரு கன்டென்சிங் பாய்லர்தான்.