செல்லின் மேல் ஓர் அடையாளம்: புற்றுநோயும் ஆன்டிஜென்களும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் இரத்த வகைகளை நடத்தும்போது ‘ஆன்டிஜென்’ என்ற சொல் வருகிறது. சிவப்பணுவின் மேற்பரப்பில் ஏ இருக்கிறதா, பி இருக்கிறதா என்பதைக் கொண்டே இரத்த வகையைச் சொல்கிறோம். இதே சொல், மேல்நிலை வகுப்பின் நோய்த்தடைக்காப்புப் பாடத்தில் ‘எதிர்ப்பொருள் தூண்டி’ எனத் திரும்ப வருகிறது. இந்த இரண்டு பாடங்களையும் இணைத்தால், புற்றுநோயை மருத்துவர்கள் எவ்வாறு ஆராய்கிறார்கள் என்பதை மாணவர்களுக்கு விளக்கிவிடலாம்.

காரையில் தொடங்குவோம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆசிரியர்களுக்கு நல்லதோர் உவமை ஊரிலேயே இருக்கிறது. காரைப் பகுதியின் ஓடைகளில் கிடைக்கும் அம்மோனைட் புதைபடிவம், இந்நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததைச் சொல்கிறது. எந்த வகை அம்மோனைட் என்பதைக் கொண்டு பாறை அடுக்கின் காலத்தையும் கணிக்கிறார்கள்.

செல்லின் ஆன்டிஜெனும் அப்படிப்பட்ட அடையாளமே. அது எந்த வகைச் செல், வளர்ச்சியின் எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. கருவிலுள்ள குழந்தையின் கல்லீரல் ஆல்ஃபா ஃபீட்டோபுரதத்தைச் சுரக்கிறது. பிறந்த பின் இது மிகக் குறைந்துவிடும். கல்லீரல் புற்றுநோய் வந்த பெரியவர்கள் பலரது இரத்தத்தில் இது மீண்டும் மிகுதியாகக் காணப்படுகிறது. 1965இல் கோல்டு, ஃப்ரீட்மேன் ஆகியோர் கனடாவில் பெருங்குடல் புற்றுக்கட்டியில் கண்டறிந்த சி.இ.ஏ. என்ற ஆன்டிஜெனும் கருவளர்ச்சிக் காலத்துக்கு உரியதே.

சென்னையில் நடந்த ஆய்வு

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்டது அடையாறு புற்றுநோய் நிலையம். 1980களில் இந்நிலையமும் மும்பை, டெல்லி மருத்துவமனைகளும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் இணைந்து, குழந்தைகளின் தீவிர இரத்தப் புற்றுக்கு எம்.சி.பி. 841 என்ற பொதுவான சிகிச்சைத் திட்டத்தைக் கையாண்டன.

இந்நோயின் செல்கள் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். அவை பி வகையா, டி வகையா என்பதைப் பிரித்தறிய மேற்பரப்பு ஆன்டிஜென்கள் உதவுகின்றன. 1975இல் கோலர், மில்ஸ்டைன் உருவாக்கிய ஒற்றை வகை எதிர்ப்பொருள் தயாரிக்கும் முறை இதற்கு வழி செய்தது. அவ்வாறு பார்த்தபோது, மேலை நாட்டுக் குழந்தைகளைவிட இங்குள்ள குழந்தைகளிடம் டி வகை அதிக விழுக்காட்டில் இருப்பது தெரியவந்தது. வெளிநாட்டுப் புள்ளிவிவரங்களை அப்படியே நம் குழந்தைகளுக்குப் பொருத்த முடியாது என்பதை இந்த அடையாளங்கள் உணர்த்தின.

ஒரே அடையாளம் போதுமா?

ஓடையில் கிடந்த ஒரு கல்லை மட்டும் வைத்துப் பாறையின் வயதைச் சொல்லிவிட முடியாது. அது வேறோர் அடுக்கிலிருந்து நீரில் அடித்து வரப்பட்டதாக இருக்கலாம். ஆன்டிஜெனுக்கும் இது பொருந்தும். புகைபிடிப்பவர்களுக்கு சி.இ.ஏ. சற்றுக் கூடுதலாக இருக்கும். புராஸ்டேட் சுரப்பி வீங்கினாலும் அதில் தொற்று ஏற்பட்டாலும் பி.எஸ்.ஏ. உயரும். சூலகப் புற்றுக்கான சி.ஏ. 125 மாதவிடாயின்போதும் வயிற்றுக் காசநோயிலும் உயரக்கூடும். புற்றுநோய் இருந்தும் அளவு இயல்பாக இருப்பதும் உண்டு. எனவே திசுப் பரிசோதனையும் ஸ்கேனும் சேர்ந்தே நோயை உறுதி செய்கின்றன. சிகிச்சைக்குப் பின் நோய் குறைகிறதா, திரும்புகிறதா எனக் கண்காணிக்க இந்த அளவுகள் பெரிதும் பயன்படுகின்றன.

வகுப்பறைச் செயல்பாடு

நிகழ்தகவுப் பாடத்துடன் இணைத்து, பின்வரும் கற்பனைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதலாம். ஓர் ஊரில் 1000 பேர். நோயாளிகள் 5 பேர். பரிசோதனை அவர்களில் 4 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோயில்லாத 995 பேரில் 50 பேருக்கும் தவறாக ‘உண்டு’ என்கிறது.

1. ‘உண்டு’ என்று முடிவு வந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்? (54)
2. அவர்களில் உண்மையான நோயாளிகள் எத்தனை பேர்? (4)
3. விடுபட்டவர் எத்தனை பேர்? (1)

54 பேரில் 50 பேர் வீணாக அஞ்சுவார்கள். ஒருவர் நோயோடு நிம்மதியாக வீடு திரும்புவார். இதை மாணவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

வீட்டுக்குச் செல்லும் செய்தி

இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் குடும்பமே கலங்கிப்போகிறது. எண் இயல்பாக இருந்தால், மாதக்கணக்கில் ஆறாத வாய்ப்புண்ணைக்கூடக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கான முதற்கட்டச் சோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நேரடிப் பரிசோதனையாகச் செய்யப்படுகிறது. 30 வயது கடந்த அம்மா, அப்பா, அத்தை, மாமாவிடம் இதைச் சொல்லுமாறு மாணவர்களைத் தூண்டுவோம். அடையாளத்தைப் படிக்கத் தெரிந்த மாணவர், அதன் எல்லையையும் தெரிந்திருக்க வேண்டும்.