வெயிலுக்குப் பழகட்டும் நாற்று

வீட்டுக்குள் விளக்கொளியில் வளர்த்த கத்தரி, மிளகாய் நாற்றுகளை எப்போது தோட்டத்தில் நடலாம்? போன வருடம் நட்ட மறுநாளே இலைகள் வெளுத்துவிட்டன.
— வாசகி, டொராண்டோ

வெளுத்தது நோயல்ல, வெயில் சுட்டதுதான். விளக்கொளியில் வளர்ந்த இலை நேர் வெயிலைத் திடீரென்று தாங்காது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் வையுங்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, மெல்லக் காலை வெயிலுக்கு நகர்த்துங்கள். 7 முதல் 10 நாளில் பழகிவிடும். காற்றில் ஆட ஆடத் தண்டும் தடிக்கும்.

நடுவதற்கு, உங்கள் ஊரில் மே மாத விக்டோரியா தின விடுமுறை கழியட்டும். உறைபனி விலகினால் மட்டும் போதாது, கத்தரிக்கு இரவிலும் 12 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். மாலையில், வேரைச் சுற்றிய மண் உதிராமல் நட்டு, நிறையத் தண்ணீர் விடுங்கள். தக்காளி நாற்றும் இருந்தால் தண்டை ஆழமாகவே புதையுங்கள். அதிலும் வேர் பிடிக்கும்.