ஆபரேஷனுக்காகப் பேச்சு காத்திருக்க வேண்டாம்

அண்ணப்பிளவோடு பிறக்கும் குழந்தைக்கு அண்ணத்தை மூடும் ஆபரேஷன் பெரும்பாலும் ஒரு வயதையொட்டித்தான் நடக்கிறது. ‘அது முடியட்டும், பேச்சை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று வீட்டார் காத்திருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சி தரும் தொழிலில் இருப்பவளாக நான் உறுதியாகச் சொல்வது, அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்பதைத்தான். முதல் சொல் வருவதற்கு வெகு முன்பே, ஆறேழு மாதம் வாக்கில், பிள்ளைகள் ‘பப்பப்பா’, ‘தத்தத்தா’ என்று அடுக்கத் தொடங்கிவிடும். வாயசைவையும் காதில் விழுவதையும் பொருத்திப் பழகும் பருவம் அது.

பிளவு அந்தப் பழக்கத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு நம் எழுத்து வகையே நல்ல வரைபடம். வல்லினம் ஒலிக்க வாய்க்குள் காற்று அடைபட வேண்டும். பிளவு வழியே அது மூக்குக்கு ஏறிவிடுகிறது. மெல்லினம் மூக்கொலி என்பதால் தப்பிக்கிறது. அதனால்தான் ‘அப்பா’ ஏறக்குறைய ‘அம்மா’வாக வருகிறது. இது பரவாயில்லை. சில பிள்ளைகள் வாயில் கிடைக்காத அடைப்பைத் தொண்டையில் தேடிக்கொள்வதுதான் சிக்கல்: ‘ப்’ வர வேண்டிய இடத்தில் குரல் வெட்டுப்பட்டு, ‘அ’, ‘ஆ’ என இரு துண்டாகக் கேட்கும். அண்ணம் மூடிய பிறகும் இது தானாகப் போவதில்லை. பிள்ளை கற்றுக்கொண்ட பழக்கமாகிவிட்டது.

முதல் ஆண்டின் மாதங்கள் முக்கியம் என்பதற்கு 2023இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு வலு சேர்க்கிறது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் அண்ணம் மட்டும் பிளந்த 558 குழந்தைகளில் ஒரு பாதிக்கு 6 மாதத்திலும் மறுபாதிக்கு 12 மாதத்திலும் ஆபரேஷன் செய்யத் திட்டமிட்டார்கள். ஐந்து வயதில், பேசும்போது அண்ணம் மூக்கு வழியைச் சரியாக மூடாத குறை முதல் குழுவில் 8.9 சதவீதம், இரண்டாவதில் 15. அப்படியானால் ஆபரேஷனைத்தானே முந்திச் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். எடை, உடல்நிலை, மயக்க மருந்து வசதி எல்லாம் பார்த்து மருத்துவர் எடுக்கும் முடிவு அது. எல்லாக் குழந்தைக்கும் ஆறாம் மாதம் வாய்க்காது. வாய்க்காதவர்களுக்குத்தான் இடைப்பட்ட மாதங்கள் இன்னும் முக்கியம்.

வாயால் முடியாததை ஏன் பழக்க வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. வல்லினத்தை வற்புறுத்தவே கூடாது. குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் முகம் பார்த்து ‘மாமா வா’, ‘யானை’, ‘நிலா’ என்று வரக்கூடிய ஒலிகளில் பேசி, பிள்ளையின் முறைக்குக் காத்திருங்கள். உதட்டாலோ நாக்காலோ எழும் ஒலி எது வந்தாலும் மகிழ்ந்து திருப்பிச் சொல்லுங்கள். தொண்டை வெட்டொலியை மட்டும் திருப்பிச் சொல்லாதீர்கள். கண்டிக்கவும் வேண்டாம், சரியான சொல்லை நீங்கள் சொல்லிவிட்டு நகருங்கள். ஆபரேஷன் புண் ஆறி மருத்துவர் சம்மதித்த பிறகு, அதே விளையாட்டில் ‘பாப்பா’வும் ‘தாத்தா’வும் சேரட்டும்.

தெரபிஸ்ட் பக்கத்தில் இல்லையே என்பார்கள். அமெரிக்காவில் நான்சி ஷெரர் குழுவினர் பெற்றோருக்கே பயிற்சி கொடுத்து 2008இல் வெளியிட்ட சிறு ஆய்வில் பிள்ளைகளின் ஒலிகள் பெருகின, தொண்டை வெட்டொலி குறைந்தது. எப்போதாவது கிடைக்கும் தெரபிஸ்டின் நேரத்தைப் பிள்ளைக்குப் பயிற்சி தர மட்டும் செலவிடாமல், வீட்டில் என்ன செய்வது என்று கற்றுக்கொள்ளப் பயன்படுத்துங்கள். பலூன் ஊதவும் மெழுகுவத்தி அணைக்கவும் சொல்லும் பழைய ஆலோசனையை விட்டுவிடலாம். ஊதுவது வேறு, பேசுவது வேறு. ஊதிப் பழகியதால் பேச்சு திருந்துவதற்கு ஆதாரம் இல்லை.

ஆபரேஷன் ஆனதும் எந்தப் பயிற்சியும் இன்றி நன்றாகப் பேசும் பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. அது எந்தப் பிள்ளை என்று ஆறாம் மாதத்தில் யாராலும் சொல்ல முடியாது. காதையும் மறந்துவிடாதீர்கள்: அண்ணப்பிளவுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்கிறது. வலி இருக்காது, சீழ் வடியாது, கேட்பது மட்டும் மந்தமாகும். பிறந்தவுடன் எடுத்த பரிசோதனை சரியாக இருந்தாலும், முதல் ஆண்டிலேயே மறுபடி காது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.